ஏழாம் நம்பரின் இடது பக்கம்

ஜனவரி 6, திங்கள்

கோல்ஃப் கிளப்பில் டைரி கொடுத்தார்கள். மெம்பர்களுக்கு அடித்ததில் மிச்சம்.

"குருவம்மா, புல் வேலை பொம்பளைங்கள்ல நாலாங்கிளாஸ் வரைக்கும் போனவ நீ ஒருத்திதான். எடுத்துக்கோ" என்றார் ஆல்பர்ட் மேஸ்திரி.

"நீங்க எத்தனாவது மேஸ்திரி?"

"பத்தாவது."

"பாஸா?"

அவர் குரங்குக் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு பம்ப் ரூம் பக்கம் போய்விட்டார்.

எழுத என்ன இருக்கிறது? இன்று இரண்டாம் நம்பர் கிரீனில், அதாவது பந்து விழுகிற குழியைச் சுற்றின புல்லில், களை எடுத்தோம். நாளைக்கு மூன்றாம் நம்பர். ஒன்பது முடிந்தால் மறுபடி ஒன்று. என் வாழ்க்கை வரலாறு முடிந்தது. மீதிப் பக்கங்களில் பால் கணக்கு எழுதலாம்.

ஜனவரி 8, புதன்

கோயம்புத்தூரிலிருந்து ஒரு சார் வந்திருக்கிறார். பேர் நவநீதன். வீட்டுக்கு பிளான் போடுவதுபோல கோல்ஃப் மைதானத்துக்கு பிளான் போடுகிறவராம். தலையில் முறம் அகலத்துக்குத் தொப்பி. காற்றடித்தால் ஆளையே தூக்கிக்கொண்டு போகும்.

எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்திப் பேசினார். இந்த மைதானத்தை அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரக் கர்னல் போட்டாராம். மலைமேல் மொத்தம் மூன்று போட்டார். எங்களுடையது ஒன்று, பனிமேடு கிளப் ஒன்று, கரடிமட்டம் கிளப் ஒன்று. அந்த இரண்டையும் சார் அளந்து, போட்டோ பிடித்து வந்திருக்கிறார். எங்கள் மைதானத்தில்தான் வந்தவர் போனவர் எல்லாம் கை வைத்துக் கெடுத்துவிட்டார்களாம். பந்து சிக்கட்டும் என்று வெட்டின மணல் பள்ளங்களை மூடி, நடுவே சவுக்கு வைத்து, கிரீன்களைத் தோசை மாதிரி வட்டமாக்கி. கிளப்புக்கு மார்ச்சில் நூறு வயசு. அதற்குள் கர்னல் போட்டபடி திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

"அப்ப கர்னலும் திரும்பி வருவாரா சார்?" என்றேன்.

மேஸ்திரி முறைத்தார். சார் சிரித்துவிட்டார். நல்ல பல்.

ஜனவரி 10, வெள்ளி

மத்தியானச் சாப்பாடு எனக்கு ஐந்தாம் நம்பரில்தான். கிரீனுக்கு இடது பக்கம், முன்னால் மணல் பள்ளமாக இருந்து மண் போட்டு மூடின இடம். மற்றவர்கள் பம்ப் ரூமில் சாப்பிடுவார்கள். எஸ்தர் மட்டும் என்னோடு வருவாள், குழம்பு ருசிக்காக.

இன்று அவள் கூடையைக் கொண்டுபோய் வைக்கக் கூடாத இடத்தில் வைத்தாள்.

"எடுத்து அந்தப் பக்கம் வை."

"ஏங்க்கா?"

"எறும்பு."

"எறும்பைக் காணோமே."

"உன்னப் பாத்ததும் ஓடிருச்சு. எடுடீ."

எடுத்தாள். அந்த முழ அகலத்தில் நான் யாரையும் கால் வைக்க விடுவதில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மகன் திருப்பூரிலிருந்து வரவில்லை, ஆர்டர் அவசரமாம். ஒரு பிடிப் பொங்கலை இலையில் கட்டிக்கொண்டு ஐந்தாம் நம்பர்வரை சும்மா நடந்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 21, செவ்வாய்

நவநீதன் சார் இன்று பெரிய பெரிய போட்டோக்களைப் புல்லில் விரித்து, நாலு மூலையிலும் கோல்ஃப் பந்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். களை எடுக்கிற சாக்கில் நானும் போய்க் குனிந்து பார்த்தேன்.

கர்னலுக்கு ஒரு குசும்பு உண்டாம். மைதானத்திலேயே அடிக்கிற தூரம் குட்டையான நம்பரில், கிரீனுக்கு முன்னால் இடது பக்கம், ஒரு மணல் பள்ளம் வெட்டுவார். வெட்டி அதற்கு முன்னால் ஒரு சின்ன மேடு எழுப்பிவிடுவார். அடிக்கிற இடத்திலிருந்து பார்த்தால் பள்ளமே தெரியாது. பந்து போய் விழுந்த பிறகுதான் தெரியும். பனிமேட்டிலும் அப்படி இருக்கிறது, கரடிமட்டத்திலும் இருக்கிறது.

"எனக்குப் புடிச்ச ஆளு சார்" என்றேன். "குழியை வெட்டி மறைச்சு வச்சுட்டு ஓரமா நின்னு சிரிக்கிறது."

"நம்ம கிளப்புலயும் இருந்திருக்குதுங்க்கா. பழைய போட்டோ ஒண்ணு கிடைச்சிருக்குது. ஆனா எந்த நம்பர்னு தெரியல. இங்க குட்டையானது ரெண்டு இருக்குதுங்களே. அஞ்சும் ஏழும்."

கண்டுபிடித்து, அந்தப் பள்ளத்தைத் தோண்டி, மணல் நிரப்பி, பழையபடி ஆக்க வேண்டும். கமிட்டி ஒரே ஒரு இடத்துக்குத்தான் அனுமதி கொடுத்திருக்கிறது. பொக்லைன் கிடைப்பதும் இரண்டு நாளைக்குத்தான்.

"உங்களுக்கு எதுன்னு தோணுது சார்?"

"அஞ்சு."

களைக்கொத்து கையிலிருந்து நழுவிக் காலில் விழுந்தது. காயம் ஒன்றும் இல்லை. எஸ்தர் சிரித்தாள், நானும் சிரித்தேன்.

ஜனவரி 22, புதன்

எழுதாமல் இருக்க முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

எனக்குத் தலைச்சன் பெண். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பிறந்தது. எனக்கு ரத்தம் போய் நினைவில்லை. கண் விழித்தபோது பக்கத்தில் தொட்டில் காலி. என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்றார்கள். அதைத் தவிர எவரும் எதுவும் சொல்லவில்லை.

சின்னப் பிள்ளையை எங்கள் ஆட்கள் எரிப்பதில்லை, புதைப்பார்கள். புதைத்த இடத்தைத் தாய்க்குக் காட்ட மாட்டார்கள். காட்டினால் அவள் அங்கேயே போய் உட்காருவாள், அடுத்தது வயிற்றில் தங்காது என்று வழக்கம். அவர் காட்டவில்லை. நான் கேட்கவில்லை. அடுத்தது தங்கியது, திருப்பூரில் பனியன் தைக்கிறது.

அவர் அப்போது கிளப்பில் மண் வேலை. மணல் பள்ளங்களை மூடிக்கொண்டிருந்த சமயம். எங்கள் லைன் வீட்டுப் பக்கம் எல்லாம் பாறை, கடப்பாரை இறங்காது. கிளப் மண்ணில்தான் வைத்திருக்கிறார் என்று காதில் விழுந்தது. உடம்பு தேறி நான் கிளப்பில் புல் வேலை கேட்டு வாங்கினேன். முதல் நாளே பார்த்துவிட்டேன். ஐந்தாம் நம்பரில், மூடின பள்ளத்தின் மேல், ஒரு முழ நீளத்துக்குப் புதுப் புல் ஒட்டுப் போட்டிருந்தது.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் அந்த இடத்துப் புல்லுக்கு மட்டும் என் கைதான்.

ஜனவரி 23, வியாழன்

இன்று ஒரு பொய் சொன்னேன். நல்ல பொய். பெருமையாக இருக்கிறது.

சார் எல்லாரையும் விசாரித்தார். பள்ளத்தை மூடின காலத்தில் இங்கே வேலை செய்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று.

"இவ வீட்டுக்காரர் மாடக்கண்ணு செஞ்சிருக்கார் சார். இப்ப ஃபேக்டரில வாட்ச்மேன்" என்று மேஸ்திரி முந்திக்கொண்டார். பத்தாவது படித்தும் வாயை மூடத் தெரியாது.

"அவரை ஒருக்கா பாக்கலாமுங்களா?"

பார்த்தால் என்ன ஆகும்? அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது. உண்மையைச் சொல்லவும் வாய் வராது. நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பார்.

"அவருக்குக் காது கேக்காது சார்" என்றேன்.

"சத்தமாப் பேசிக்கலாமுங்க்கா."

"ஞாபகமும் கிடையாது. எனக்குத் தாலி கட்டினதையே வருஷா வருஷம் நான்தான் சொல்லிக்காட்டுறேன். என்னைக் கேளுங்க சார், நான் சொல்றேன். ஏழாம் நம்பர்."

"நிச்சயமாங்களா?"

"இடது பக்கம். கிரீனுக்கு முன்னால. வெள்ளை மணலு. துரைமாருங்க பந்தைத் தேடி இறங்கி, மேல வர்றதுக்குள்ள அவங்க ஊர்க் கெட்ட வார்த்தையெல்லாம் தீந்துபோகும். நான் கண்ணால பாத்தேன் சார்."

சார் எழுதிக்கொண்டார். ஏழாம் நம்பரிலும் இடது பக்கம் ஒரு தாழ்வு இருக்கிறது, அதனால் நம்பினார். தொப்பியைக் கழற்றி, "ரொம்ப நன்றிங்க்கா" என்றார். அந்தத் தொப்பியை இனிமேல் கிண்டல் செய்வதில்லை என்று வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 3, திங்கள்

ஏழாம் நம்பரில் முளை அடித்துக் கயிறு கட்டிவிட்டார்கள்.

ஐந்தாம் நம்பரில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டேன். இரண்டு கவளம் கூடுதலாகவே இறங்கியது.

பிப்ரவரி 9, ஞாயிறு

என் வீட்டுக்காரர் இந்த வாரம் பேசிய வார்த்தைகள்: "உப்பு." "பேட்டரி எங்க?" இவ்வளவுதான். ஆனால் குறட்டையில் மனுஷன் மூச்சு விடாமல் பிரசங்கம் செய்கிறார். ராத்திரி வேலை பார்த்துவிட்டுப் பகலெல்லாம் தூங்குகிறார். கிளப்பில் நடக்கிறது எதுவும் அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்றுதான் நானும் சொல்லவில்லை. வேலை முடியட்டும், ஒரேயடியாகச் சொல்லி ஆளைத் திக்குமுக்காட வைக்க வேண்டும்.

பிப்ரவரி 15, சனி

பொக்லைன் வந்தது. என்ன வாய், என்ன கை! ஒரே அள்ளலில் எங்கள் வீட்டு அடுப்படி அளவுக்கு மண்.

ஏழாம் நம்பர் இடது பக்கத்தை மத்தியானத்துக்குள் தோண்டி முடித்துவிட்டார்கள். நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். கர்னலே மேலேயிருந்து பார்த்துக் கைதட்டுவார் என்றேன். சார்தான் கொஞ்சம் முகம் வாடி இருந்தார்.

"பழைய மணல் தட்டுப்படவே இல்லீங்களேக்கா."

"இங்க அடிக்கிற மழைக்கு மணல் நிக்குமா சார்? அடிச்சுட்டுப் போயிருக்கும்."

தோண்டின மண்ணை டிராக்டரில் ஏற்றி மூன்றாம் நம்பருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டீ மேடையை உயர்த்துகிறார்கள். டீ மேடை என்றால் நின்று முதல் அடி அடிக்கிற இடம். சரளையும் வெளிமண்ணும் இதுவும் கலந்து கொட்டியதை, நாங்கள் ஆறு பெண்களும் வரிசையாக நின்று மிதித்துச் சமன் செய்தோம். எஸ்தர் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடினாள். நான் ஊர்க் கும்மிப் பாட்டு எடுத்துவிட்டேன். மேஸ்திரிகூடத் தாளம் போட்டார். அப்படி ஒரு ஆட்டம். கால் இன்னும் வலிக்கிறது.

வெகு நாளைக்கு அப்புறம் மனசு லேசாக இருக்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

கோழி எடுத்திருந்தேன். வீட்டுக்காரருக்கு லீவு. இலை போட்டு உட்கார வைத்துப் பரிமாறினேன்.

"ஒரு சங்கதி சொல்றேன். என்னை மெச்சணும்" என்றேன்.

அவர் பாட்டுக்குச் சாப்பிட்டார்.

"கிளப்புல பழைய மணல் பள்ளத்தைத் தேடித் தோண்டுறாங்க. அஞ்சாம் நம்பரத்தான் தோண்ட இருந்தாங்க. நான் விடல. சாரை ஏமாத்தி வேற பக்கம் அனுப்பிட்டேன். நம்ம புள்ள பத்திரமா இருக்கு."

நம்ம புள்ள என்று இந்த வீட்டுக்குள் சத்தமாகச் சொன்னது இன்றைக்குத்தான். அவர் என்னை நிமிர்ந்து பார்ப்பார் என்று நினைத்தேன். இலையைத்தான் பார்த்தார்.

"எந்தப் பக்கம் அனுப்புன?"

"ஏழாம் நம்பர்."

"இடது பக்கமா?"

"ஆமா."

"எப்ப தோண்டுறாங்க?"

"நேத்தே தோண்டியாச்சு."

கையைக் கழுவவில்லை. எழுந்து அப்படியே வாசலைத் தாண்டிப் போனார். மண் வேலையில் இடுப்பு ஒடிந்த மனுஷன் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. செருப்பில்லாமல் பின்னாலேயே ஓடினேன். என்னங்க, என்னங்க என்று கத்தினேன். தேயிலைக்குள் குறுக்கே இறங்கி, கிளப் வேலியைத் தாண்டி, நேரே ஏழாம் நம்பருக்குப் போய் நின்றார்.

பள்ளம் சுத்தமாக இருந்தது. ஓரமெல்லாம் செதுக்கி, மணலுக்குத் தயாராக.

"இங்க இருந்த மண்ணு எங்க?"

அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் வாய் என்னவோ சாதாரணமாகத்தான் பதில் சொன்னது. "மூணாம் நம்பருக்குப் போயிருச்சு."

மூன்றாம் நம்பரில் மண்ணோடு பெயர்த்த புல் பத்தை பதித்துத் தண்ணீரும் விட்டிருந்தார்கள். அவர் முழங்காலிட்டுப் பத்தையைப் பிரித்து விரலை உள்ளே விட்டார். சோற்றுக்கை. குழம்பும் மண்ணுமாக. சரளையைத்தான் எடுத்தார். இன்னொரு இடத்தில் பிரித்தார். அங்கேயும் சரளை.

"அஞ்சுலதானே வச்சீங்க?" என்றேன்.

"அஞ்சுல தண்ணி நிக்கும்ட்டி. தண்ணிக்குள்ளயா புள்ளய வைப்பேன்? ஏழு மேடு. வெயில் விழும்."

"அந்தப் புல் ஒட்டு?"

"எந்த ஒட்டு?"

சொன்னேன். ஒரு முழ நீளம், பள்ளத்தின் மேல், நான் வேலைக்குச் சேர்ந்தபோது புதுசாக இருந்தது என்று. அவர் யோசித்தார். யோசித்து, ரொம்ப மெதுவாகச் சொன்னார்:

"அது பன்னி கிளறின இடம்."

கிளப் வாசலிலிருந்து மேஸ்திரி சத்தம் போட்டுக்கொண்டு ஓடி வந்தார், பின்னால் சாரும். புதுப் பத்தையை யாரோ பிய்க்கிறார்கள் என்று.

"சாவியைத் தொலைச்சுட்டார் மேஸ்திரி" என்றேன். "ஃபேக்டரி சாவி. நேத்து என் மடில இருந்துச்சு, மிதிக்கும்போது விழுந்திருக்கும்."

நவநீதன் சார் அவர் பக்கத்தில் குந்தினார். மெதுவாகத்தான் கேட்டார். "என்னங்கய்யா தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

சார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். காது கேட்காத மனுஷனுக்கு அந்தக் குரல் எப்படிக் கேட்டது என்று கேட்பார் என்று நின்றேன். கேட்கவில்லை. பிய்ந்த பத்தைகளை அவரே எடுத்துப் பொருத்தி உள்ளங்கையால் அழுத்தினார்.

பிப்ரவரி 17, திங்கள்

வேலைக்குப் போகவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

போகவில்லை. எஸ்தர் பார்க்க வந்தாள். காய்ச்சல் என்றேன். நெற்றியைத் தொட்டுவிட்டு, "சூடே இல்லையேக்கா" என்றாள். "இது உள்காய்ச்சல், படிச்சவங்களுக்கு மட்டும் வரும்" என்றேன். சிரித்துக்கொண்டே போனாள்.

பிப்ரவரி 20, வியாழன்

போனேன். வீட்டில் இருந்தால் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பொங்கலுக்குப் பொங்கல், தீபாவளிக்கு அதிரசம், மகனுக்கு வேலை கிடைத்தபோது ஒரு லட்டு. அவனுக்கு அம்மை போட்டிருந்தபோது அங்கே போய்க் குந்தி, உன் தம்பியைப் பார்த்துக்கொள் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். எல்லாம் பன்றி கிளறின இடத்துக்கு. காட்டுப்பன்றிக்கு இவ்வளவு மரியாதை செய்த பொம்பளை இந்த மலையில் நான் ஒருத்திதான். எழுதிப் பார்த்தால் சிரிப்பு வரும் என்று எழுதினேன். வரவில்லை.

ஆடி மாசத்தில் ஐந்தாம் நம்பரில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். வாளி வைத்து நானே இறைத்திருக்கிறேன், அவளுக்குக் குளிருமே என்று. தண்ணீர் நிற்கிற இடத்தில் ஒரு தகப்பன் பிள்ளையை வைப்பானா என்று ஒரு தடவையாவது தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லையே.

கேட்டிருக்கலாம். அவர் காட்டியிருக்க மாட்டார். ஆனாலும் ஐந்தா என்று கேட்டிருந்தால் தலையையாவது ஆட்டியிருப்பார். சார் வந்து பார்க்கிறேன் என்றபோது விட்டிருந்தால்கூட, ஏழு வேண்டாம் என்று அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருப்பார். அந்த வார்த்தையும் வர விடாமல் செவிடாக்கிவிட்டேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

சாரிடம் போனேன்.

"சார், ஏழுல மணல் இல்லைன்னா அதை மூடிருவீங்களா?"

"மூடித்தானுங்க்கா ஆகணும். கர்னல் போட்டது அது இல்லீங்க."

"அப்ப அந்த மூணாம் நம்பர் மண்ணையே திருப்பி எடுத்துப் போடலாமே."

"அது கலந்துருச்சுங்களே. சரளை, வெளிமண்ணு எல்லாம் சேத்து ரோலர் விட்டாச்சு. எது எந்த மண்ணுன்னு இனிமேல் பிரிக்க முடியாதுங்க." கொஞ்சம் நிறுத்தி, "எதுக்குங்க்கா?" என்றார்.

அவரிடம் சொல்லியிருக்கலாம். கேட்ட விதம் அப்படி இருந்தது. கேட்டால் அந்த மனுஷன் தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்பார், கோயம்புத்தூர் போனாலும் தூங்க மாட்டார். அவர் என்ன செய்வார், நான் கைகாட்டின இடத்தில் தோண்டினார்.

"சும்மாதான் சார். ஏழாம் நம்பர் மண்ணு ஒசந்த மண்ணு. வீணாகக் கூடாதேன்னு."

பிப்ரவரி 24, திங்கள்

ஐந்தாம் நம்பரைத் தோண்டினார்கள். கமிட்டியிடம் கெஞ்சி சார் இன்னொரு அனுமதி வாங்கியிருந்தார். இரண்டடியிலேயே வெள்ளை மணல் வந்துவிட்டது. கர்னல் போட்ட மணல். சார் அதைக் கையில் அள்ளிக் குழந்தை மாதிரிச் சிரித்தார். மேஸ்திரி, "குருவம்மா கண்ணால பாத்த லட்சணம் இதுதானா?" என்று எல்லார் முன்னாலும் கேலி செய்தார்.

"கண்ணுல புரை மேஸ்திரி. உங்க அழகைப் பாத்துப் பாத்து வந்தது" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். பொக்லைன் அந்த முழ அகலப் புல்லை முதல் அள்ளலிலேயே எடுத்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றும் ஆகவில்லை எனக்கு. அதுதான் பயமாக இருந்தது.

மார்ச் 1, சனி

ஏழாம் நம்பர் பள்ளத்தை மூடினோம். எங்கிருந்தோ ஆற்றோரத்து மண்.

மத்தியானம் பம்ப் ரூமில் எல்லாரோடும் சாப்பிட்டேன். "என்னக்கா, அஞ்சாம் நம்பரோட கோவமா?" என்றாள் எஸ்தர். நல்ல பிள்ளை. என் தட்டில் தன் முட்டையில் பாதியை வைத்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

கிளப்புக்கு நூறாவது வருஷப் போட்டி. பனிமேட்டிலிருந்தும் கரடிமட்டத்திலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். மூன்று மைதானத்தின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். மூன்றும் அக்கா தங்கைகள் மாதிரி இருக்கின்றன என்று ஒரு அம்மாள் சொன்னார். வேலைக்காரர்களுக்கும் பிரியாணி. குடும்பத்தோடு வரலாம்.

என் வீட்டுக்காரர் வருவார் என்று நினைக்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பிரியாணியைத் தொடவில்லை. மூன்றாம் நம்பர் பக்கம் நடந்தார், நானும் போனேன். ஆட்டம் அப்போதுதான் ஒன்றாம் நம்பரில் தொடங்கியிருந்தது, இங்கே ஆள் இல்லை. டீ மேடைக்குக் கீழே சரிவில் உட்கார்ந்தோம். புல் நன்றாகப் பிடித்துவிட்டது. எங்கே பிரித்தார் என்றுகூடத் தெரியவில்லை.

வெகு நேரம் புல்லைத் தடவிக்கொண்டிருந்தோம். அப்புறம் நான்தான் கேட்டேன். இடம்தான் போய்விட்டது, இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது.

"முகம் எப்படி இருந்துச்சு? என் சாடையா, உங்க சாடையா? உங்க மூக்கா இருந்தா பாவம், கட்டிக்குடுக்கக் கஷ்டப்பட்டிருப்போம்."

அவர் சிரிக்கவில்லை. புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"துணி சுத்திக் குடுத்தாங்க. நான் பிரிச்சுப் பாக்கல" என்றார்.

"பாக்கவே இல்லையா?"

"நீ பாத்திருப்பன்னு நெனச்சேன். என்னைக்காச்சும் நீ சொல்லுவன்னு."

"நான் மயக்கத்துல கிடந்தேன்ல."

"எனக்கு யாரும் சொல்லல."

அவர் பார்த்திருப்பார் என்று இத்தனை வருஷம் நான். நான் பார்த்திருப்பேன் என்று அவர். ஒரே பாயில் படுத்துக்கொண்டு.

ஓவென்று அழ வாயைத் திறந்தேன். அதற்குள் பேச்சுச் சத்தம் கேட்டது, நாலு பேர் மேடைமேல் ஏறிவிட்டார்கள். சரிவில் உட்கார்ந்திருந்த நாங்கள் எழுந்து ஓரமாக ஒதுங்கினோம். ஒருவர் குனிந்து புல்லில் ஆணி செருகிப் பந்தை வைத்தார். காலை அகட்டி, மண்ணில் இரண்டு தடவை அழுத்தி மிதித்துச் சரி பார்த்துக்கொண்டார்.

அடிக்கும்போது பக்கத்தில் யாரும் அசையக் கூடாது, இருமக்கூடக் கூடாது. கிளப்பில் சேர்ந்த அன்றைக்கே எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பது அதுதான். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அந்த ஆள் பந்தைப் பார்த்தார், தூரத்துக் கொடியைப் பார்த்தார், மறுபடி பந்தைப் பார்த்தார். அவசரமே இல்லை அவருக்கு. நாங்கள் அசையாமல் நின்றோம்.